மெய்நிகர் வகுப்பறையும் மறுமொழிப் பாதையும்: இணையவழித் தமிழ்க் கல்வித் தளங்களின் உருவாக்க வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மெய்நிகர் வகுப்பறையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆசிரியரின் பாடம் மாணவரைச் சென்றடையும் பாதையைக் காட்டிலும், மாணவரின் வினாவும் விடையும் ஆசிரியரையும் உடன்பயில்வோரையும் வந்தடையும் மறுமொழிப் பாதையே ஒரு தளத்தை வகுப்பறையாக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஆலிசு இசுபிரிங்சு வானொலிப் பள்ளி (1951), இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ (1960), தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (2001), மூடில் (2002) ஆகியவற்றின் உருவாக்கத்தையும் 2020-21ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக்காலக் கற்பித்தலையும் இக்கருதுகோளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழைத் திரையில் காட்டும் பணி பெருமளவு நிறைவேறிய பின்னரும், மாணவரைத் திரையில் தமிழ் எழுதச் செய்யும் பணி எஞ்சி நிற்பதைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் வகுப்பறை, தமிழ் இணையப் பல்கலைக்கழகம், மூடில், தமிழ்99, தொலைநிலைக் கல்வி, நன்னூல்.

முன்னுரை

பெருந்தொற்றுக்காலத்தில் இணையவழித் தேர்வெழுதிய தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் பலரும் வினாத்தாளைத் திரையில் பெற்றனர். விடையை வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதினர். எழுதிய தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து, ஒரே கோப்பாக்கிப் பதிவேற்றினர். விடைத்தாள்களை விரைவஞ்சலில் அனுப்பிய நிகழ்வுகளும் உண்டு. நெருக்கடியில் கண்ட மாற்றுவழி என்று இதனைக் கடந்துவிடலாம். ஆயினும், இணையத்தில் தமிழ் கற்பிப்பதற்கென ஒரு நிறுவனம் தோன்றி இருபது ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், வினா மின்வழியாகவும் விடை தாள்வழியாகவும் சென்றதற்கு வரலாற்றுக் காரணம் உண்டா என்னும் வினா எழுகிறது. அவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

இதற்குரிய அளவுகோலைத் தமிழ் மரபே தருகிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்தில் கற்றலைப் பங்கிட்டுக் காட்டுகிறது. ஆசிரியர் கூறியதை முழுமையாக உள்வாங்கினாலும் ஒருவர் பெறுவது கால் பங்கே; உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கும், தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் நிறைவுறும் என்பது பவணந்தியார் கருத்து. இக்கணக்கின்படி பாடத்தைக் கொண்டுசேர்ப்பதோடு நின்றுவிடும் தளம் கால் பங்குத் தளமேயாகும். எஞ்சிய முக்கால் பங்கும் மாணவரிடமிருந்து புறப்படும் பாதையைச் சார்ந்தது. இப்பாதையே இக்கட்டுரையில் மறுமொழிப் பாதை எனப்படுகிறது.

1. வானொலியும் கணிப்பொறியும்

ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின்கீழ் இல்லாமல் ஒரே நேரத்தில் வகுப்பு நடத்தும் முயற்சி இணையத்திற்கு முற்பட்டது. ஆசுத்திரேலியாவின் உட்பகுதியில் பண்ணைகளுக்கிடையே நெடுந்தொலைவு உண்டு. அங்கு வாழ்ந்த குழந்தைகளுக்காக ஆலிசு இசுபிரிங்சு நகரில் 1951ஆம் ஆண்டு வானொலிப் பள்ளி தொடங்கப்பட்டது. பறக்கும் மருத்துவர் சேவைக்கென அமைந்திருந்த சிற்றலை வானொலிக் கட்டமைப்பையே அப்பள்ளி பயன்படுத்திக்கொண்டது. தொடக்கத்தில் பாடம் ஒருவழி ஒலிபரப்பாகவே இருந்தது. விரைவிலேயே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வினா விடைக்கென நேரம் ஒதுக்கப்பட்டது. மருத்துவரை அழைப்பதற்காகப் பண்ணை வீடுகளில் இருந்த கருவி கேட்கவும் பேசவும் வல்லதாயிருந்தமையால் இது இயன்றது. ஒலிபரப்பு வகுப்பாக மாறியது அவ்வினா நேரத்தினால்தான் எனலாம்.

கணிப்பொறிவழிக் கற்பித்தலின் தொடக்கமாகக் கருதப்படும் பிளேட்டோ அமைப்பை, அமெரிக்காவின் இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் 1960ஆம் ஆண்டு உருவாக்கினார். முதல் வடிவத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாணவர் பயிலலாம். பாடம் திரையில் தோன்றும், மாணவர் விடையளிப்பார், விடை சரியா என்பதைப் பொறி கூறும். இங்கு மறுமொழி உண்டெனினும் அதனைப் பெறுவது பொறி மட்டுமே. 1970களில் பல முனையங்கள் இணைக்கப்பட்டபோது நிலை மாறியது. அமைப்பின் பிழைகளைப் பயனர்கள் தெரிவிப்பதற்காக 1973இல் எழுதப்பட்ட ‘நோட்சு’ என்னும் நிரல், பயனர்கள் தமக்குள் உரையாடும் பொது இடமாக வளர்ந்தது. அவ்வாண்டிலேயே பலர் ஒரே நேரத்தில் எழுத்தால் உரையாடும் வசதியும் அங்கு உருவாயிற்று. உடன்பயில்வோர் என்னும் கால் பங்கு, வடிவமைத்தோர் திட்டமிடாத வழியில் தளத்தினுள் நுழைந்தமை குறிப்பிடத்தக்கது.

1980களில் நியூ செர்சி தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர் இசுட்டார் ராக்சான் இல்ட்சு, கணினி வலையமைப்புவழி நிகழும் வகுப்பிற்கு ‘மெய்நிகர் வகுப்பறை’ என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். அவர் சோதித்துப் பார்த்த வகுப்பில் காணொளி இல்லை. எழுத்துவழி உரையாடலே உண்டு. மாணவர்கள் தத்தம் நேரத்தில் நுழைந்து, பிறர் எழுதியதைப் படித்து, தம் கருத்தைச் சேர்த்தனர். மெய்நிகர் வகுப்பறை என்றதும் முகங்கள் நிறைந்த திரையை எண்ணும் இன்றைய பழக்கத்திற்கு, அச்சொல்லின் தொடக்கப்பொருள் மாறானது.

2. அஞ்சல்வழிக் கல்வி விட்டுச்சென்ற வழக்கம்

இந்தியாவில் தொலைநிலைக் கல்வி அஞ்சலில் தொடங்கிற்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியில் இறங்கின. அச்சிட்ட பாடநூல் கட்டுகள், விடுமுறை நாள்களில் நேர்முக வகுப்புகள், ஆண்டிறுதித் தேர்வு என்னும் மூன்றும் அதன் உறுப்புகள். பணியிலிருந்தோர்க்கும், கல்லூரிக்குச் செல்ல இயலாத பெண்களுக்கும் அது திறந்துவிட்ட வாயில் பெரிது. ஆனால் பாடக்கட்டு ஆண்டு முழுவதும் மாணவரிடம் செல்ல, மாணவரின் எழுத்து ஆசிரியரிடம் செல்லும் தலையாய வாய்ப்பு ஆண்டிறுதித் தேர்வாகவே அமைந்தது.

1975 ஆகத்து முதல் ஓராண்டுக்காலம் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2400 சிற்றூர்களில் நடைபெற்ற செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையும், பரப்பில் பெரிதாயினும், சிற்றூர்களைப் பொறுத்தவரை ஒருவழிப் பாதையே. 2004 செப்டம்பரில் ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள் இருவழித் தொடர்புக்கு இடமளித்தது. எனினும் பாடப்பொருளை உருவாக்கி அனுப்புதலே தொலைநிலைக் கல்வி என்னும் கருத்து அதற்குள் வேரூன்றிவிட்டது. பின்வந்த இணையத்தளங்கள் இவ்வழக்கத்தையே மரபுரிமையாகப் பெற்றன.

3. எழுத்துரு என்னும் முன்நிபந்தனை

ஆங்கிலவழித் தளங்கள் எதிர்கொள்ளாத ஒரு தடை தமிழ்த் தளங்களுக்கு இருந்தது. 1990களில் தமிழ்ப் பக்கம் ஒன்றைப் படிக்க வேண்டுமாயின், அப்பக்கம் எந்த எழுத்துருவில் அமைந்ததோ அதனை முதலில் தம் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். குறியேற்ற முறை ஒவ்வொரு மென்பொருளுக்கும் வேறுபட்டது. ஒருவர் எழுதியது மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. வகுப்பறைக்கு முதல் தேவை, அனைவரும் ஒரே பலகையைப் பார்ப்பது. அப்பலகையே தமிழில் அப்போது இல்லை.

இத்தடையை நீக்குவதில் அயலகத் தமிழர்களின் பங்கு பெரிது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றும் முன்னோடி முயற்சிகளை மேற்கொண்டார். 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடும் அங்கு நடைபெற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்களைக் கொண்டு இலக்கியங்களைத் தட்டச்சிட்டு மின்பதிப்பாக்கியது. வகுப்பறை தோன்றுமுன்பே அதற்குரிய நூலகம் தோன்றலாயிற்று.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணையம் 99 மாநாடு ஒரு திருப்புமுனை. அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியேற்றத் தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 எழுத்துகளுக்குரிய விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் எழுதலாம் என்பது தமிழ்99இன் அடிப்படை. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் இலக்கண நெறியே அங்குத் தட்டச்சு நெறியாயிற்று. 2010 சூனில் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறியையும் 16 பிட்டு அனைத்து எழுத்துருக் குறியேற்றத்தையும் அரசு ஏற்றதோடு குறியேற்றச் சிக்கல் கொள்கையளவில் தீர்ந்தது.

இவ்வரலாற்றில் இருவேறு பணிகள் பின்னிக் கிடக்கின்றன. குறியேற்றமும் எழுத்துருவும் தமிழைப் படிக்கச் செய்தன. விசைப்பலகை தமிழை எழுதச் செய்வதற்குரியது. முன்னது தொழில்நுட்பத்தால் தீர்வது. பின்னது பயிற்சியாலன்றித் தீராதது.

4. தமிழ் இணையப் பல்கலைக்கழகம்

உலகெங்கும் பரவியுள்ள தமிழ் மக்களுக்குத் தமிழையும் தமிழ்ப் பண்பாட்டையும் கற்பிக்க இணையவழிப் பல்கலைக்கழகம் அமைக்கப்படும் என 1999 மாநாட்டில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அறிவித்தார். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் திறந்து வைக்கும் திட்டத்தை அறிவித்தது அவ்வாண்டு ஏப்ரலில் என்பதை நோக்க, தமிழின் முயற்சி காலத்தால் பிந்தியதன்று.

இதன் உருவாக்கத்தை வழிநடத்தியவர் வா. செ. குழந்தைசாமி. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் துணைவேந்தராகப் பணியாற்றியவர்; எழுத்துச் சீர்திருத்தத்தை வலியுறுத்தியவர். தொலைநிலைக் கல்வி, பொறியியல், தமிழ் எழுத்து ஆகிய மூன்றிலும் பட்டறிவுடைய ஒருவர் அப்பொறுப்பை ஏற்றமை தளத்தின் அமைப்பிலும் வெளிப்பட்டது.

பாடங்கள், மின்னூலகம் என்னும் இரு தூண்களின்மேல் அத்தளம் எழுந்தது. மழலைக்கல்வி, சான்றிதழ், மேற்சான்றிதழ், பட்டயம், பட்டம் எனப் படிநிலைகள் வகுக்கப்பட்டன. மழலையர்க்குப் பாடல், கதை, உரையாடல், எண், எழுத்து ஆகியவை ஒலியோடும் அசைபடத்தோடும் அமைந்தன. மின்னூலகத்தில் இலக்கண இலக்கியங்கள் உரைகளோடும் தேடுதல் வசதியோடும் இடம்பெற்றன. பதிவுக்கும் தேர்வுக்கும் பல நாடுகளில் தொடர்பு மையங்கள் அமைந்தன. 2010 முதல் இந்நிறுவனம் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றது. சங்கப் பாடலொன்றின் உரையைச் சரிபார்க்க இம்மின்னூலகத்தை நாடாத தமிழாய்வாளர் இன்று அரியர்.

எனினும் மறுமொழிப் பாதையை நோக்குவோர் வேறொன்றையும் காண்பர். பட்டப்படிப்புப் பாடங்களின் இடையிடையே ‘தன் மதிப்பீடு’ என்னும் பகுதி உண்டு. வினாவை அழுத்தினால் விடை தோன்றும். வினாவும் விடையும் பாட ஆசிரியர் எழுதியவை. தாமாகப் பயில்வோர்க்கு இது நல்ல துணை. ஆனால் பாட ஆசிரியர் எதிர்பாராத வினாவை மாணவர் எழுப்புவதற்குப் பாடப்பக்கத்தில் இடமில்லை. கோலாலம்பூரில் ஒருவர் எழுப்பிய ஐயத்தைப் பாரிசில் அதே பாடத்தைப் படிப்பவர் காணவும் அங்கு வழியில்லை. இதனைக் குறையெனச் சுட்டுவது எளிது. காரணத்தை அறிவதே பயன்தரும். மாணவர் தமிழில் தட்டச்சிட்டு அனுப்புவதை எதிர்பார்க்க இயலாத காலத்தில் இத்தளம் வடிவமைக்கப்பட்டது. திரையில் தமிழ் சரியாகத் தெரிவதே அன்றைய பெருஞ்சாதனை.

5. மூடில்: உரையாடலை அடித்தளமாகக் கொண்ட தளம்

தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கிய அடுத்த ஆண்டில், 2002 ஆகத்து 20 அன்று, மூடில் என்னும் கட்டற்ற மென்பொருளின் முதல் பதிப்பு வெளிவந்தது. ஆசுத்திரேலியாவின் பெர்த்து நகரிலிருந்த கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்றல் மேலாண்மை அமைப்பொன்றைப் பராமரித்து வந்த மார்ட்டின் தூகியாமசு, அதன்மீது கொண்ட மனக்குறையால் இதனை உருவாக்கினார். அவர் தம் இளமையில், ஆசுத்திரேலிய உட்பகுதியில், வானொலிப் பள்ளியில் பயின்றவர் என்பது இவ்வரலாற்றின் இரு முனைகளை இணைக்கும் செய்தி.

கற்போர் ஒருவர்க்கொருவர் விளக்கிச் சொல்லும் முயற்சியில்தான் அறிவு உருப்பெறுகிறது என்னும் சமூகக் கட்டமைப்புவாதக் கொள்கையைத் தன் அடிப்படையாக மூடில் அறிவித்துக்கொண்டது. கருத்தாடல் மன்றம், பலர் கூடி எழுதும் சொற்களஞ்சியம், உடன்பயில்வோர் ஒருவர் பணியை ஒருவர் மதிப்பிடும் பட்டறை ஆகியவை அதன் உறுப்புகள். நன்னூலார் கூறும் முக்கால் பங்கிற்கு இவ்வுறுப்புகள் நெருங்கி வருகின்றன. இம்மென்பொருளைக் கல்லூரி தன் வழங்கியிலேயே நிறுவலாம். இடைமுகத்திற்குத் தமிழ் மொழிப்பொதியும் உண்டு.

ஆயினும் உறுப்பு இருப்பது வேறு, அது இயங்குவது வேறு. 2017 சூலையில் தொடங்கப்பட்ட நடுவணரசின் சுவயம் தளம் காணொளி, படிப்புப்பொருள், மதிப்பீடு, கருத்தாடல் என நான்கு பகுதிகளை ஒவ்வொரு பாடத்திற்கும் வகுத்துள்ளது. முதல் மூன்றும் ஒருமுறை ஆக்கினால் பலமுறை பயன்படுபவை. நான்காவதற்கோ ஒவ்வொரு முறையும் ஓர் ஆசிரியர் அமர்ந்து விடையளிக்க வேண்டும். எந்தத் தளத்திலும் முதலில் வாடுவது அந்நான்காம் பகுதியே என்பதற்கு இவ்வுழைப்பு வேறுபாடே காரணம்.

6. பெருந்தொற்றுக்காலம்

2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, ஆண்டுக்கணக்கில் நிகழவேண்டிய மாற்றம் வாரங்களில் நிகழ்ந்தது. சூம், கூகுள் மீட்டு, கூகுள் வகுப்பறை, வாட்சப்பு ஆகியவை ஒருங்கே வகுப்பறையாயின. 2019 ஆகத்து முதல் ஒளிபரப்பாகி வந்த தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி பள்ளி மாணவர்க்குத் துணைநின்றது. கல்லூரி மாணவர் ஏறத்தாழ 9.69 இலட்சம் பேர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு இலவசமாக வழங்கப்படும் என 2021 சனவரியில் அரசு அறிவித்தது.

அணுகல் ஏற்றத்தாழ்வு முன்பே பதிவாகியிருந்தது. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி, இந்தியாவின் ஊரகக் குடும்பங்களில் இணைய வசதி பெற்றவை 14.9 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 42 விழுக்காடு. கணினி உடையவை ஊரகத்தில் 4.4 விழுக்காடும் நகர்ப்புறத்தில் 23.4 விழுக்காடும் மட்டுமே. இதன் பொருளை மறுமொழிப் பாதையின் நோக்கில் காணவேண்டும். கைப்பேசி வகுப்பைக் கேட்கப் போதுமானது; நான்கு பக்கத் திறனாய்வுக் கட்டுரையைத் தமிழில் எழுதப் போதுமானதன்று. ஆகவே பாடம் திரையில் இறங்கியது. விடை தாளில் ஏறியது.

படமாக வந்த விடைத்தாளும் மறுமொழிதானே எனலாம். மதிப்பெண் வழங்க அது போதும். ஆனால் அதனைத் தேட இயலாது. அதிலிருந்து ஒரு வரியை எடுத்து வகுப்பில் விவாதிக்க வைப்பது அரிது. உடன்பயில்வோர் கண்ணில் அது படுவதில்லை. தேர்வாளர் ஒருவரிடம் சென்று முடிந்துபோகும் எழுத்து அது.

மற்றோர் இழப்பும் உண்டு. நேரலை வகுப்பில் எழுந்த வினாக்களும், உரையாடல் பெட்டியில் மாணவர் எழுதிய தொடர்களும் அமர்வு முடிந்ததும் பெரும்பாலும் மறைந்தன. தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தில் பாடம் நிலைத்தது, வகுப்பு இல்லை. பெருந்தொற்றுக்காலத்தில் வகுப்பு நிகழ்ந்தது, அது நிலைக்கவில்லை. பள்ளிக் குழந்தைகளின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலரைக் குழந்தைகள் வாழும் இடத்திற்கே அனுப்பியது. எதிரில் அமர்ந்து வினவும் ஒருவரின் தேவையை அத்திட்டமே உறுதிசெய்கிறது.

7. தளம் அமைப்போர் கருதத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து, தமிழ்த்துறைகள் தமக்கெனத் தளம் அமைக்கையில் எழுப்பவேண்டிய வினாக்கள் மூன்று பெறப்படுகின்றன.

முதலாவது, மாணவர் எவ்வாறு எழுதுவார்? தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி பருவத்தின் முதல் இரு வாரங்களில் இடம்பெற வேண்டும். கணினித்தமிழ் பாடமாகப் பல பல்கலைக்கழகங்களில் உள்ளது. அப்பாடத்திற்கும் தேர்வு தாளில் எழுதப்படுவது முரண். குரல்வழி உள்ளீடு வந்துவிட்டதால் விசைப்பலகை தேவையில்லை என்னும் கருத்து உண்டு. முதல் வரைவுக்கு அது உதவலாம். சந்தியும் மேற்கோளும் உரைவேறுபாடும் நிறைந்த ஆய்வுநடையைத் திருத்தக் கைப்பயிற்சி இன்றியமையாதது.

இரண்டாவது, மாணவர் எழுதியதை யார் படிப்பார்? குறுந்தொகைப் பாடலொன்றின் கூற்று யாருடையது என்னும் வினாவிற்குப் பத்து மாணவர் கருத்தாடல் மன்றத்தில் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் மறுப்பாராயின், உடன்பயில்வோர் பங்கும் எடுத்துரைக்கும் பங்கும் ஒருங்கே நிறைவுறும். இதற்குக் காணொளியோ உயர்வேக இணைப்போ தேவையில்லை. அவ்வுரையாடலை நெறிப்படுத்தும் நேரம் ஆசிரியரின் பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். இன்றேல் அது நடைபெறாது.

மூன்றாவது, எழுதியது எங்கே நிலைக்கும்? அயல் நிறுவனத்தின் இலவசத் தளம் எளிது. எனினும் கணக்கு மூடப்படும் நாளில் வகுப்பின் வரலாறும் அதனோடு மூடப்படும். கல்லூரி தன் பொறுப்பில் ஒரு படியேனும் பாதுகாத்தல் வேண்டும். பருவந்தோறும் தேர்ந்தெடுத்த வினா விடைகளை அடுத்த மாணவர்க்கு வழங்குதல் வேண்டும். உரையாசிரியர்கள் தம் உரைகளில் மாற்றாரின் வினாவையும் பதிந்து விடைகூறிய மரபுடையது தமிழ். அவ்வாறு பதிந்தமையால்தான் அவர்காலக் கருத்துவேறுபாடுகள் நமக்குக் கிடைக்கின்றன.

முடிவுரை

ஆலிசு இசுபிரிங்சு வானொலிப் பள்ளி தன் ஒலிபரப்பின் இறுதியில் வினாவுக்கு நேரம் ஒதுக்கியபோது வகுப்பறையாயிற்று. தமிழ் இணையப் பல்கலைக்கழகம், எழுத்துருவே நிலைபெறாத காலத்தில் பாடத்தையும் நூலகத்தையும் உலகத் தமிழர்க்குத் திறந்து வைத்தது. அக்கால் பங்கு உறுதியாக அமைந்தமையால்தான் எஞ்சியதைப் பற்றி இன்று பேச முடிகிறது. தமிழ்99 விசைப்பலகையும் அப்பல்கலைக்கழகமும் ஒரே மாநாட்டின் பயன்கள். ஒன்று மாணவர் எழுதுவதற்கு, மற்றொன்று மாணவர் படிப்பதற்கு. இரண்டாவதைப் போற்றி முதலாவதைக் கைவிட்டதன் விளைவே, இருபது ஆண்டுகளுக்குப்பின் படமெடுத்துப் பதிவேற்றப்பட்ட அக்கையெழுத்துத் தாள்கள். இவ்விரண்டையும் மீண்டும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு மென்பொருளாளரைக் காட்டிலும் தமிழாசிரியரையே மிகுதியும் சார்ந்தது.